கருவிப்பெட்டியின் கதை – 6: வெட்டியதை ஒட்ட வைத்தவர்கள்

எம்.ஐ.டி. ஆராய்ச்சி மாணவர் ஐவன் சதர்லாண்ட் 1963-ல் ஒளிப்பேனாவால் கணினித் திரையில் கோடு இழுத்ததோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். அவருடைய ‘ஸ்கெட்ச்பேட்’ ஓடிய டி.எக்ஸ்-2 கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தொட்டுப் பார்க்க வாய்த்தவர்கள் மிகச் சிலர். இன்று கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவரும், பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியில் ரீல்ஸ் வெட்டும் கல்லூரி மாணவியும் அந்த வேலையைச் சாதாரணமாகச் செய்கிறார்கள்.

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், பிரீமியர் என எதைத் திறந்தாலும் திரையின் ஓரத்தில் ஒரு கருவிப்பட்டை இருக்கும். தூரிகை, பென்சில், அழிப்பான், பேனா, கயிற்றுச் சுருக்கு, வாளி, பிளேடு என்று வரிசையாகச் சின்னங்கள். ஓவியர் மேசை, வரைபட மேசை, போட்டோ இருட்டறை, படத்தொகுப்பு அறை ஆகிய நான்கு இடங்களில் கைவேலை செய்தவர்கள் வைத்திருந்த சாமான்கள்தாம் பெரும்பாலும் இவை. கணினி தன் பங்குக்குச் சேர்த்த பெரிய விஷயம் ஒன்று: செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. அது ஒரு கருவியாக ஒரே நாளில் வந்து இறங்கவில்லை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் தனித்தனியாக, வெவ்வேறு ஆட்களின் கையால், துண்டு துண்டாக வந்தது.

ஓர் ஆய்வகம், இரண்டு வேலைகள்

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனம் 1970-ல் ஓர் ஆய்வகம் திறந்தது. அங்கே ரிச்சர்ட் ஷூப் என்ற பொறியாளர் 1973-ல் ‘சூப்பர்பெயின்ட்’ அமைப்பை இயங்க வைத்தார். அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பிட். ஒரே சமயத்தில் 256 நிறங்கள். ஒரு படத்தை நினைவில் வைக்கவே ஏறத்தாழ 300 கிலோபைட் தேவைப்பட்டது. அன்றைய நிலவரத்தில் அது பெரும் ஆடம்பரம். பல அளவுத் தூரிகைகள், நிறத்தட்டு, ஒரு பரப்பை ஒரே நிறத்தால் நிரப்பும் வசதி, தொலைக்காட்சிப் படத்தைப் பிடித்து உள்ளே கொண்டுவரும் வசதி எல்லாம் அதில் இருந்தன.

1974-ல் ஆல்வி ரே ஸ்மித் அங்கே சேர்ந்தார். நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளாகச் சொல்வது இயந்திரத்துக்கு எளிது. படம் வரைகிறவர் அப்படி யோசிப்பதில்லை. என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வெளிச்சம் என்றுதான் யோசிப்பார். ஸ்மித் அந்த மூன்றையும் அளவுகோலாக வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தார். இன்று எந்த மென்பொருளில் நிறப்பெட்டியைத் திறந்தாலும் அந்த முறை இருக்கிறது.

ஆனால் அலுவலக இயந்திரங்கள் விற்கும் ஜெராக்ஸுக்கு வண்ணத்தில் ஆர்வம் இல்லை. ஸ்மித் வெளியேற வேண்டியதாயிற்று. அவர் போய்ச் சேர்ந்த நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில், 1977-ல் எட் கேட்முல்லுடன் சேர்ந்து ஒரு யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிற எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அந்த இடத்தில் படம் எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்பதை அது சொல்லும். இதற்கு ‘ஆல்ஃபா’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு படத்தின் மேல் இன்னொன்றை, இரண்டும் கெடாமல் வைக்க இதுவே அடிப்படை.

அதே பாலோ ஆல்டோ ஆய்வகத்தில், 1974-75-ல் லாரி டெஸ்லர், டிம் மாட் இருவரும் ‘ஜிப்சி’ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். மாட், ஜெராக்ஸுக்குச் சொந்தமான ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்திலிருந்து வந்தவர். பதிப்பகத்து எடிட்டர்கள் கையெழுத்துப் பிரதியைக் கத்தரியால் வெட்டி, பசை தடவி வேறிடத்தில் ஒட்டித்தான் வேலை செய்தார்கள். அதைத் திரைக்குக் கொண்டுவந்ததுதான் கட், காப்பி, பேஸ்ட். ஒரே விசை ஒரு நிலையில் ஒரு வேலையும் மறு நிலையில் வேறு வேலையும் செய்தால் மனிதர்கள் தடுமாறுவார்கள் என்பது டெஸ்லரின் உறுதியான கொள்கை. தம் காரின் நம்பர் பிளேட்டிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று போட்டுக்கொண்டவர் அவர். 1980-ல் ஆப்பிளுக்குப் போனார். அங்கே ‘லிசா’ கணினியில் கட், காப்பி, பேஸ்ட், அன்டூ நான்கும் எக்ஸ், சி, வி, இசட் என்று விசைப்பலகையின் இடது கீழ் மூலையில் பக்கத்துப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன. இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன.

மேக்பெயின்டின் ஒரே ஒரு வாய்ப்பு

1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் மேகின்டாஷ் வெளிவந்தது. அதோடு வந்த ‘மேக்பெயின்ட்’ மென்பொருளைப் பில் அட்கின்சன் எழுதினார். சூசன் கேர் அதைப் பயன்படுத்திப் படங்கள் வரைந்ததோடு, மேகின்டாஷின் சின்னங்கள் பலவற்றையும் உருவாக்கினார். கருப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது. திரை 512-க்கு 342 புள்ளிகள். நினைவகம் மொத்தமே 128 கிலோபைட். இந்த இடுக்கில்தான் நாம் இன்று பார்க்கும் கருவிப்பட்டை உருப்பெற்றது. கயிற்றுச் சுருக்கு, கட்டம் போட்டுத் தேர்வு, பக்கத்தை நகர்த்தும் கை, பெயின்ட் வாளி, ஸ்ப்ரே டப்பா, தூரிகை, பென்சில், அழிப்பான் எல்லாம் திரையின் இடது ஓரத்தில் இரட்டை வரிசையில் நின்றன. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அவற்றை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேர்ந்தெடுத்த பகுதி எது என்று காட்டுவதில் அட்கின்சனுக்கு ஒரு சிக்கல். கருப்புப் பின்னணியில் கருப்புக் கோடு தெரியாது. வெள்ளையில் வெள்ளை தெரியாது. ஒரு மதுக்கடையில் அருவி ஓடுவது போல ஒளிரும் பீர் விளம்பரப் பலகையைப் பார்த்தபோது அவருக்கு வழி தோன்றியது. புள்ளிக்கோட்டை நகர்ந்துகொண்டே இருக்கும்படி செய்தார். சகா ஒருவர் அதைப் பார்த்து ‘எறும்பு ஊர்வலம்’ என்று பெயர் வைத்தார். போட்டோஷாப்பில் எதையாவது செலக்ட் செய்யும்போது இன்றும் அந்த எறும்புகள் ஊர்கின்றன.

அட்கின்சன் செய்த இன்னொரு காரியம் கண்ணுக்குத் தெரியாது. படம் தெரியும் சாளரத்தின் அளவுக்கு, நினைவகத்தில் இரண்டு மறைவான இடங்களை ஒதுக்கினார். ஒன்றில் படத்தின் இப்போதைய நிலை, மற்றொன்றில் அதற்கு முந்தைய நிலை. 416-க்கு 240 புள்ளிகள் கொண்ட சாளரத்துக்கு ஒவ்வொன்றும் சுமார் 12 கிலோபைட் தின்றது. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் அடிதடி நடந்த கணினியில் இவ்வளவை ஒதுக்கியதற்குப் பலன் இருந்தது. திரை மினுக்காமல் வரைய முடிந்தது. கடைசியாகச் செய்ததை ரத்து செய்யவும் முடிந்தது. ஒரே ஒரு படி மட்டும்தான். இரண்டாவது தவறுக்கு மன்னிப்பு இல்லை.

மேக்பெயின்டில் வட்டம் வரைந்து முடித்த கணமே அது வட்டமாக இருப்பதை நிறுத்திவிடும், வெறும் புள்ளிகளாகிவிடும். அதன் ஆரத்தை மாற்ற முடியாது. எழுத்து அடித்து வைத்தபின் பிழை கண்ணில் பட்டால் அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அதே ஆண்டு வந்த ‘மேக்டிரா’ மாறுபட்டது. அதில் வட்டம் கடைசிவரை வட்டம்தான். எப்போது வேண்டுமானாலும் பிடித்து இழுக்கலாம், பெரிதாக்கலாம். புள்ளிகளால் ஆன படம், பொருட்களால் ஆன படம் என்று இரண்டாகப் பிரிந்த பாதைகளில் முதலாவது போட்டோஷாப்புக்கும் இரண்டாவது இல்லஸ்ட்ரேட்டருக்கும் போகிறது.

கார் கம்பெனியில் பிறந்த பேனா

வடிவமைப்பு கற்க வருகிறவர்களை முதலில் அழ வைப்பது பென் டூல். காகிதத்தில் பேனா போகும் போக்கில் கோடு வரும். இதில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து கைப்பிடி போல ஒரு கோட்டை இழுத்து, அடுத்த புள்ளி வைத்து, அதற்கும் கைப்பிடி இழுத்தால், இரண்டுக்கும் நடுவே வளைவு தானாக உருவாகும். கைப்பிடி நீண்டால் வளைவு அந்தத் திசையில் அதிக தூரம் போய்த் திரும்பும். சுருங்கினால் உடனே மடங்கும்.

இந்தக் கணக்கு பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில் பிறந்தது. சிட்ரோயனில் பால் டி காஸ்டல்ஜோ 1959-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி அதை வெளியே விடவில்லை. ரெனோவில் பியர் பெசியே 1960-களில் தனி வழியில் அதே இடத்துக்கு வந்து, கட்டுரைகளும் எழுதியதால் வளைவுக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. கார் உடலின் வளைவை வார்ப்புத் தகட்டிலிருந்து வரைபடத்துக்கும், வரைபடத்திலிருந்து அச்சுக்கும் மாற்றி மாற்றிப் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் சிறிது பிசகும். வளைவை எண்களாக வைத்தால் பிசகாது. அந்த எண்களை, கணக்குத் தெரியாத வடிவமைப்பாளரும் கைப்பிடியைப் பிடித்து மாற்ற முடிய வேண்டும். பெசியே விரும்பியது இதுதான்.

அடோபி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக், அச்சு இயந்திரங்களுக்கான ‘போஸ்ட்ஸ்கிரிப்ட்’ மொழியில் இந்த வளைவுகளைப் பயன்படுத்தினார். அந்த மொழியில் படம் வரைய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். வார்னாக்கின் மனைவி மார்வா கிராபிக் டிசைனர். மை நிரப்பிய பேனாவையும் வளைவு வார்ப்புகளையும் வைத்துக் கோடு போடுகிறவர்களின் பாடு வார்னாக்குக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. ஒரு கோடு பிசகினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1987-ல் வந்த ‘இல்லஸ்ட்ரேட்டர்’ அவர்களுக்கான பதில். அதில் போட்ட கோடு உலர்வதே இல்லை. பத்து நாள் கழித்துத் திறந்தாலும் புள்ளியைப் பிடித்து நகர்த்தலாம். பென் டூல் கற்கக் கடினம்தான். ஆனால் அது கேட்கும் உழைப்புக்கு ஈடாகக் கொடுப்பது இந்த உலராத கோடு.

இருட்டறையிலிருந்து வந்த சகோதரர்கள்

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், பேராசிரியர் க்ளென் நோல் தம் வீட்டு நிலவறையில் போட்டோ இருட்டறை வைத்திருந்தார். அவருடைய பிள்ளைகள் தாமஸ், ஜான் இருவரும் அங்கேதான் படம் கழுவக் கற்றார்கள். 1987-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த தாமஸ், தம் மேகின்டாஷ் பிளஸ் திரையில் சாம்பல் நிறம் வரவில்லை என்பதற்காகச் சில சிறு நிரல்கள் எழுதினார். கலிபோர்னியாவில் ‘இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்’ என்ற சினிமாத் தந்திரக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான், அவற்றைப் பார்த்துவிட்டு முழு மென்பொருளாக்கச் சொன்னார். ஒவ்வொரு தேவையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். தாமும் நிரல்கள் எழுதினார். முதலில் பார்னிஸ்கேன் என்ற ஸ்கேனரோடு சேர்த்துச் சுமார் 200 பிரதிகள் போயின. பிறகு அடோபி உரிமம் வாங்கியது. 1990 பிப்ரவரியில் ‘போட்டோஷாப் 1.0’ வெளிவந்தது.

மேக்பெயின்டின் கருவிப்பட்டை அப்படியே அதில் இருந்தது. இருட்டறை வேலைகளும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. டாட்ஜ் டூலின் சின்னத்தைக் கவனியுங்கள்: ஒரு குச்சியின் நுனியில் வட்டத் தகடு. என்லார்ஜரின் விளக்குக்கும் தாளுக்கும் நடுவே இப்படி ஒரு தகட்டை ஆட்டினால், அதன் நிழல் விழும் இடத்துக்கு வெளிச்சம் குறையும். அச்சில் அந்த இடம் வெளிறி வரும். பர்ன் டூலின் சின்னம், விரல்களைக் குவித்து ஓட்டை விட்ட ஒரு கை. அந்த ஓட்டை வழியாக ஓரிடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் அங்கே கருமை ஏறும். கை சற்றே தாமதித்தால் தாள் வீண். அடுத்த தாளை எடுக்க வேண்டும்.

படத்தைக் கூர்மையாக்கும் ‘அன்ஷார்ப் மாஸ்க்’ ஃபில்டரின் பெயரில் கூர்மையின்மை இருப்பது பலரைக் குழப்பும். அதுவும் இருட்டறைப் பழக்கம்தான். நெகட்டிவின் மங்கலான நேர்ப்பிரதி ஒன்றை எடுத்து, நெகட்டிவோடு சேர்த்து வைத்து அச்சிடுவார்கள். பரந்த பகுதிகளின் ஒளி வேறுபாடு அடங்கி, விளிம்புகள் மட்டும் எடுப்பாகத் தெரியும். போட்டோஷாப் அதே கழித்தலை எண்களில் செய்கிறது. குவிக் மாஸ்க் போட்டால் திரையில் சிவப்புப் படலம் விரிவதற்கும் காரணம் இருக்கிறது. அச்சகங்களில் ஒளி படக்கூடாத இடத்தை மறைக்க ‘ரூபிலித்’ என்ற சிவப்பு ஃபிலிமை வெட்டி ஒட்டுவார்கள். அந்தச் சிவப்புதான் இது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் முகத்தின் தழும்புகளை மறைத்த டச்சிங் வேலையை, இப்போது குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் இரண்டும் செய்கின்றன.

இவ்வளவு இருந்தும் முதல் பதிப்புகளில் ஒரு பெரிய குறை. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டி, தேர்வை விலக்கியதும், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். மறுநாள் பிரித்தெடுக்க முடியாது. 1994-ல் 3.0 பதிப்பு லேயர்களைக் கொண்டுவந்தது. கார்ட்டூன் படக்காரர்கள் பின்னணி ஓவியத்தின் மேல் ஒளிபுகும் தாள்களை அடுக்கிப் பாத்திரங்களை வரைந்த முறைதான். ஸ்மித்தும் கேட்முல்லும் சேர்த்த நான்காவது எண் அதைச் சாத்தியமாக்கியது. 1996-ல் 4.0 பதிப்பில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வந்தது. நிறத்தையும் ஒளியையும் மாற்றும் கட்டளை, படத்தின் மேல் தனித் தாளாக உட்கார்ந்தது. கீழே இருக்கும் படம் தொடப்படாமலே இருந்தது. 1998-ல் 5.0 பதிப்பு ஹிஸ்டரி பலகத்தைக் கொடுத்தது. மேக்பெயின்டின் ஒரே படி அன்டூவிலிருந்து இங்கே வந்துசேர 14 ஆண்டுகள் ஆயின. பழக்கம் விடவில்லை: கன்ட்ரோல்-இசட் விசை 2018 வரை போட்டோஷாப்பில் கடைசி ஒரு படிக்கும் நடப்பு நிலைக்கும் இடையே மாறி மாறித்தான் போய்வந்தது.

பிளேடும் ஃபிரேமும்

படத்தொகுப்பு அறையில் தவறின் விலை இன்னும் அதிகம். ஃபிலிமைச் சிமென்ட் தடவி ஒட்டுவதற்கு ஓரத்தைச் சுரண்ட வேண்டும். ஒட்டியதைப் பிரித்தால் ஃபிரேம்கள் போகும். இயக்குநர் ஃபெலினியின் எடிட்டரான இத்தாலியர் லியோ கட்டோட்ஸோ, ஒட்டுநாடாவால் ஃபிலிமை இணைக்கும் சிறு கருவி ஒன்றை உருவாக்கினார். ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டலாம், பிரிக்கலாம், ஃபிரேம் போகாது. கணினி வருவதற்கு முன்பே, மேசை மேல் வைத்த ஓர் இரும்புக் கருவி எடிட்டருக்குக் கொடுத்த அன்டூ அது.

1956-ல் வந்த வீடியோ டேப் நிலைமையை மறுபடி மோசமாக்கியது. டேப்பில் படம் கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, பதிவின் தடத்தை நுண்ணோக்கியில் பார்த்து பிளேடால் வெட்டினார்கள். பிறகு ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்து தொகுக்கும் முறை வந்தது. அதில் ஒரு நிகழ்ச்சியின் ஐந்தாவது நிமிடத்தில் மூன்று வினாடியைக் குறைக்க வேண்டுமென்றால், அதற்குப் பிறகுள்ள அனைத்தையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

1971-ல் சி.பி.எஸ்., மெமொரெக்ஸ் நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் வந்த சி.எம்.எக்ஸ்-600, காட்சிகளைக் கணினி வட்டுகளில் கருப்பு-வெள்ளையாக ஏற்றி, ஒளிப்பேனாவால் தொட்டு வரிசைப்படுத்தியது. விலையும் பருமனும் அதைப் பரவ விடவில்லை. 1989-ல் ‘ஏவிட்’ என்ற கணினித் தொகுப்பு அமைப்பு வந்தது. 1991 இறுதியில் ராண்டி யூபிலோஸ் எழுதிய ‘பிரீமியர்’ சாதாரண மேகின்டாஷுக்கே வந்தது. இவற்றில் பிளேடால் கிளிப்பை வெட்டும்போது எதுவும் வெட்டப்படுவதில்லை. மூலக் காட்சி வட்டில் முழுதாக இருக்கிறது. இந்த ஃபிரேமில் தொடங்கி அந்த ஃபிரேமில் நிறுத்து என்று இரண்டு எண்கள் மட்டும் மாறுகின்றன. கிளிப்பின் விளிம்பைப் பிடித்து இழுத்தால், வெட்டிப் போட்டது திரும்ப வருகிறது. வால்டர் மர்ச் ஏவிட்டில் தொகுத்த ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ 1997-ல் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் பெற்றபோது, அந்த விருதை வென்ற முதல் கணினித் தொகுப்புப் படம் அதுவாயிற்று. பிளேடின் கதை அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

எது புதிது?

தூரிகைக்கும் பிளேடுக்கும் சொந்தக்காரர்கள் பழைய கைவினைஞர்கள். கணினிக்காரர்கள் செய்தது, அந்தக் கைவேலைகளிலிருந்து பயத்தை நீக்கியது. இருட்டறையில் தாள் வீணாகும் என்று அஞ்சி யாரும் செய்யாத பத்தாவது முயற்சியை, இன்று பள்ளி மாணவன் யோசிக்காமல் செய்கிறான். கற்றுக்கொள்ளும் வேகம் கூடியதற்கு முதல் காரணம் இதுதான். ஆயிரம் ஃபில்டர்களும் எஃபெக்ட்களும் இதற்குப் பிறகுதான்.

ஆனால் இந்த வசதி தானாக நிலைப்பதில்லை. ஃபைலை மூடியதும் ஹிஸ்டரி பலகத்தில் இருந்த படிகள் எல்லாம் போய்விடும். ஜேபெக்காக மட்டும் சேமித்தால் லேயர்கள் ஒன்றாகக் கலந்து, நீங்கள் 1993-க்குத் திரும்பிவிடுவீர்கள். அழிப்பானால் அழித்த புள்ளி திரும்பாது. மாஸ்க்கால் மறைத்தது எப்போது கேட்டாலும் வரும். ஆகவே கற்றுக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு மூன்று வார்த்தை: அழிப்பானுக்குப் பதில் மாஸ்க்கை எடுங்கள். நிறத்தை மாற்றும்போது அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். லேயர்களைக் காக்கும் போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பி.எஸ்.டி.யாக ஒரு பிரதி வைத்துவிட்டு, பிறகு ஜேபெக் எடுங்கள்.

அடுத்த பகுதியில், பால் பிரெய்னர்டின் ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் வெளியிட்ட பேஜ்மேக்கரும், அதோடு சேர்ந்து அச்சுக்கோப்பவரின் வேலையை மாற்றிய லேசர் பிரின்டரும்.

(தொடரும்)